சேறு ஒட்டாத ஈயக்குண்டு

உறைந்த ஏரியின் மேல் வெண்டல் போட்டிருக்கும் சிவப்புக் கூடாரத்துக்குள் பக்கத்து வீட்டு ஆர்டிஸ் தலையை நீட்டுகிறாள். இன்று ‘வால்ஐ’ என்னும் ஏரிமீன் பொரித்து விருந்து என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாள். கையில் ஒரு மீன்கூட இல்லை. அவளைக் கண்டதும் வெண்டல் தன் வாளிமேல் அவசரமாக உட்காருகிறான். துணி வழியே வடியும் வெயிலில் அவன் முகம் தக்காளிப்பழமாய்ச் சிவந்திருக்கிறது. “ஏதாவது மாட்டுச்சா, வெண்டல்?” “எங்க? அடியில வெறும் சேறு. மீன் வந்து அண்டுறதுக்கு ஒரு பாறைகூட கிடையாது. கிழக்கால போய்ப் பாரேன், ஆர்டிஸ்.” இந்த அக்கறை இவனுக்கு எப்போது வந்ததாம்! பனியில் போட்ட துளையிலிருந்து அவன் தூண்டிலைச் சுருட்ட, ஏரியின் அடிவரை இறங்கியிருந்த ஈயக்குண்டு மேலே வருகிறது. அதில் பொட்டுச் சேறில்லை. பாறையில் உரசிய புதுக் கீறல்கள் பளபளக்கின்றன. வாளிக்குள் ஏதோ படபடவென்று வாலடிக்கிறது. வெண்டல் பலமாக இருமுகிறான். “சேறுதானே? எனக்கு அதுவே போதும்ப்பா” என்கிறாள் ஆர்டிஸ். கூடாரத்துக்கு வெளியே, அவன் முதுகுக்கு நேர் பின்னால், அவளுடைய துளைக்கருவி கரகரவென்று பனிக்குள் இறங்குகிறது.