மேட்டு வீட்டில் மாமனார்

காலுறை மாட்டிவிடுவதற்குள் மாமனார் என்னை உதைத்தே தள்ளிவிட்டார். அவருக்கு என்றைக்குமே முன்கோபம் அதிகம்.

கதவைத் திறந்தால் ஈவான் நின்றிருந்தார்.

மாமனாருக்கு மச்சான் முறை. எங்கள் யூப்பிக் இனத்தில் மச்சான்களுக்குள் கேலியில்லாமல் பேச்சு கிடையாது. இவர்களுக்குள் மட்டும், ஊரை மாற்றும் வாக்கெடுப்பு நடந்த நாளிலிருந்து பேச்சே கிடையாது.

அலாஸ்காவின் உறைந்த மண் இளகி, ஆறு எங்கள் வீடுகளைப் பார்த்து வந்துகொண்டிருந்த காலம் அது. அக்கரை மேட்டுக்குப் போவதா வேண்டாமா என்று ஊர் இரண்டாகி நின்றது. "மச்சான் சாகப்போற வயசுல புது வீடு கேக்குறான்யா!" என்று ஈவான் சொல்ல, ஊர்க்கூட்டமே சிரித்தது.

மாமனார் சிரிக்கவில்லை. "பொறக்கப்போற பிள்ளைக்கும் காலூன்ற ஒரு தரை வேணும்ல? அது அவங்க உரிமைடா. அதை ஆத்துல விட நீ யாரு, நான் யாரு?"

ஒரே ஓட்டில் மேடு ஜெயித்தது. வீடுகள் எழும்ப வருடங்கள் ஆயின. இந்தக் கோடையில்தான் கடைசிக் குடும்பமும் வந்து சேர்ந்தது, அது ஈவானுடையது.

போன வாரப் புயலில், அவருடைய பழைய வீடு நின்ற கரையே காணாமல் போய்விட்டது.

ஈவான் தொப்பியைக் கழற்றிவிட்டு மாமனார் முன் தரையில் உட்கார்ந்தார். புகைபோட்ட சால்மன் துண்டு ஒன்றை நீட்டினார்.

"உன்னாலதான் மச்சான், எம் பேரப்பிள்ளைங்க உசுரோட இருக்குதுங்க. என்னை மன்னிச்சுக்கோ."

மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இவர் மன்னிக்காவிட்டால் அந்த மனிதர் வேறு யாரிடம் போய்க் கேட்பார்?

பிறகு மாமனார் மெல்லத் திரும்பி, மீனைப் பிடுங்கி வாயில் வைத்துச் சப்பத் தொடங்கினார்.

ஈவான் அழுதுவிட்டார். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. எத்தனை முறை நன்றி சொன்னாலும் தீராது, மாமா.

இந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடப் படுக்காமல், பழைய ஊரிலேயே கண்ணை மூடியவர் மாமனார். அதன்பின் எங்களுக்குப் பிறந்த குழந்தைக்கு, வழக்கப்படி, தண்ணீர் தொட்டு அவர் பெயரை வைத்தோம். பெயர் வந்தால் ஆளும் வந்துவிட்டார் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. ஊரே குழந்தையை அவருடைய பழைய உறவுமுறையில்தான் கூப்பிடுகிறது.

ஈவான் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மகனை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"மொதல்ல பல்லு முளைக்கட்டும்டா மச்சான், அப்புறம் வச்சுக்குறேன் உன்னை."