திருப்பி எடுத்துப்பீங்களா?

“வேண்டாம்னா திருப்பி எடுத்துப்பீங்களா, தம்பி?”

தொலைநோக்கிக் கடைக்குள் வந்த அந்த அம்மா கேட்ட முதல் கேள்வியே இதுதான். அலமாரியில் இருந்த எதையும் அவர் இன்னும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

விற்பனையாளன் ஓரக்கண்ணால் கல்லாவைப் பார்த்தான்.

போன சந்திர கிரகணத்தின்போது அவன் விழுந்து விழுந்து விற்ற தொலைநோக்கிகள் எல்லாம், கிரகணம் முடிந்த கையோடு வரிசையாகத் திரும்பி வந்துவிட்டன. லென்ஸ் முழுக்க விரல் ரேகை. அப்படித் திருப்பிக் கொண்டு வருபவர்களுக்கு முதலாளி வைத்த பெயர், ‘ஓசி விஞ்ஞானிகள்’.

“இன்னொரு ஓசி விஞ்ஞானிகிட்ட ஏமாந்தே, அந்தப் பெட்டி உள்ளே வரும்போது நீ வெளியே போயிடணும்” என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தார்.

இப்போது வானத்தில் ஒரு வால்நட்சத்திரம் வந்திருக்கிறது. அடுத்த வாரக் கடைசியில் மறைந்துவிடும்.

“ஒரு வாரத்துக்குள்ள, கீறல் இல்லாம கொண்டு வந்தா எடுத்துப்போம், மேடம்.”

“கூட ரெண்டு நாள் கிடைக்குமா?”

கணக்கு கச்சிதமாக இருந்தது. வால்நட்சத்திரத்தை வழியனுப்பி வைத்துவிட்டுத்தான் வரப் போகிறார்.

கல்லாவில் இருந்த முதலாளி தொண்டையைச் செருமினார்.

“யாருக்கு, மேடம்?” என்றான் அவன்.

“வீட்டுக்காரருக்கு. ரொம்ப வருஷமா ஆசை. நான்தான், இப்ப என்ன அவசரம்னு தள்ளிப் போட்டுட்டே வந்தேன்.”

“அப்ப முதல்ல பைனாகுலர் வாங்குங்க. புதுசா வானம் பார்க்கிறவங்களுக்கு அதுதான் சுலபம்.”

அவன் சொன்னது உண்மைதான். பைனாகுலரை அந்தக் கடையில் திருப்பி எடுப்பதில்லை என்பதும் உண்மைதான்.

“அதுல ரெண்டு கண்ணாலயும் பார்க்கணுமே?”

“ஆமா.”

“அப்ப வேண்டாம். தொலைநோக்கின்னா ஒரு கண்ணு போதும்தானே?”

இப்படி ஒரு சாக்கை அவன் கேட்டதே இல்லை.

“விவரமாத்தான் வந்திருக்காங்க” என்று முதலாளி கால்குலேட்டரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

“இது அறுநூறு மடங்கு பெரிசாக் காட்டும்னு போட்டிருக்கே. இதைத் தரட்டுமா?” என்று ஒரு பெட்டியைக் காட்டி, அவருக்கு விவரம் தெரியுமா என்று சோதித்துப் பார்த்தான்.

“பெரிசாத் தெரியணும்னு இல்ல, தம்பி. நல்லா வெளிச்சமாத் தெரியணும்.”

அவனுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

“அப்ப பெட்டியில போட்டிருக்கிறதை நம்பாதீங்க. குழாயோட வாய் எவ்வளவு அகலமோ, அவ்வளவு வெளிச்சம்.”

“வாய் அகலமானதே குடுங்க.”

“எனக்கு வாய்ச்ச மாதிரி” என்று முணுமுணுத்தார் முதலாளி. அவர் பார்வை விற்பனையாளன்மேல் இருந்தது.

அவன் குட்டையான, தடித்த குழாய் ஒன்றின் பெட்டியை மேஜைமேல் வைத்தான். “நாளைக்கு ஆள் அனுப்பி, வீட்டுலயே மாட்டிக் குடுத்துடறோம், மேடம். அதுக்குக் காசு இல்ல.”

அந்த அம்மா பதறிவிட்டார். “ஐயையோ, வீட்டுக்கு யாரும் வந்துடாதீங்க! போனும் பண்ணாதீங்க. பெட்டியை அடுத்த வீட்டுலதான் வைக்கப் போறேன்.”

முதலாளியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. எழுந்தே விட்டார்.

“வீட்டுக்காரருக்கு வாங்கி, அடுத்த வீட்டுல வைக்கிறீங்களா? ஏம்மா, தெருவே கூடி வால்நட்சத்திரம் பார்த்துட்டு, துடைச்சுக் கொண்டு வந்து இங்க வெச்சிடலாம்னுதானே?”

“என்ன நட்சத்திரம்?” என்று விழித்தார் அந்த அம்மா.

“நடிப்பைப் பாரு!”

விற்பனையாளன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “மேடம், நீங்க இதைத் திருப்பிக் கொண்டு வந்தா என் வேலை போயிடும். அதனாலதான் கேட்கறேன். வேண்டாம்னு ஆயிடும்னு வாங்கும்போதே எப்படித் தெரியும்?”

அந்த அம்மாவின் கை பெட்டியின் மேலேயே இருந்தது.

“அவர் வெல்டிங் பட்டறையில வேலை பார்க்கிறவர், தம்பி. பொறி தெறிச்சு ரெண்டு கண்ணும் போயிடுச்சு. ஒண்ணைத்தான் காப்பாத்தலாம்னு ஆபரேஷன் பண்ணியிருக்காங்க. அடுத்த வாரம் கட்டுப் பிரிக்கிறாங்க. பார்வை வந்துட்டா, அன்னைக்கே இதைக் கொண்டு போய் அவர் முன்னாடி வைக்கணும்.”

விற்பனையாளன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி மேஜையைப் பார்த்தார்.

“ஒரு வாரம்லாம் இல்லம்மா” என்றார். “எத்தனை மாசம் ஆனாலும் சரி, எப்பக் கொண்டு வந்தாலும் எடுத்துக்கறோம். இவனையும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நிதானமா வாங்க.”

“இல்லைங்க, பார்வை வரலைன்னா அன்னைக்கே கொண்டு வந்துடுவேன். எத்தனை நாளைக்கு அடுத்த வீட்டுல ஒளிச்சு வைக்கிறது? எங்க வீட்டுக்குள்ள வந்துட்டா, தடவிப் பார்த்தே இது என்னன்னு கண்டுபிடிச்சிடுவாரு.”