உப்பு எத்தனை ஸ்பூன்?

“கிராம் வேண்டாம் லாத்தா. ஸ்பூன் கணக்குல சொல்லித் தருவியளா?”

அடுத்த வீட்டு ஷஹ்லா இப்படிக் கேட்டதும் ரஸீனாவுக்குச் சுருக்கென்றது.

தேங்காப்பட்டணத்தில் ரஸீனாவின் மீன் பிரியாணிக்குத் தனிப் பெயர். குளச்சலிலிருந்துகூட ஆட்கள் பக்குவம் கேட்டு வருவார்கள். கணவன் செய்யது அலி தோஹாவிலிருந்து கொண்டுவந்த டிஜிட்டல் தராசைத் தட்டிக் காட்டி, “எல்லாம் கிராம் கணக்கு. ஒரு கிராம் கூடினாலும் அது ரஸீனா பிரியாணி இல்ல” என்பாள். வந்தவர்கள் மலைத்துப்போய்த் திரும்புவார்கள். அந்த மலைப்பு அவளுக்குப் பிடிக்கும்.

“ஸ்பூன்ல அளக்க இது என்ன இருமல் மருந்தாட்டி?”

“இல்ல லாத்தா, அவரு...”

“அவருட்ட ஒரு தராசு வாங்கித் தரச் சொல்லு. கடல்ல மீன் புடிச்சு நிறுக்கத் தெரிஞ்ச மனுசன்தானே?”

ஷஹ்லா சிரித்தாள். ஆனால் நகரவில்லை.

ஸ்பூனில் இறங்கிவிட்டால் தெருவில் எந்த வீட்டிலும் இது வேகும். பிறகு ரஸீனாவை யார் தேடி வருவார்கள்? தெரியாது என்று சொல்லவும் கௌரவம் விடவில்லை.

தராசில் கிண்ணத்தை வைத்து, கிராம் கணக்கு வரும்வரை பெரிய ஸ்பூனால் ஒவ்வொன்றாக அள்ளிப் போட்டாள். “கேட்டுக்கோ. ஒரு கிலோ அரிசிக்கு மிளகாய்த்தூள் மூணு. மல்லித்தூள் நாலு. தலை தட்டிப் போடணும், குவிச்சு அள்ளப்பிடாது.”

உப்பை மட்டும் அள்ளிப் பார்க்கவில்லை. மூன்று ஸ்பூன் என்று அவளுக்குத் தெரியும்.

“உப்பு ஆறு” என்றாள்.

ஷஹ்லா விரல் மடக்கிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பெருநாள் கழிந்த மறுவாரம் ஷஹ்லாவும் அவள் கணவன் ஃபஹீமும் வாசலில் வந்து நின்றார்கள். அவன் கையில் ஒரு முழு நெய்மீன். படகு அன்றுதான் கரை பிடித்திருந்தது.

“என்ன மக்கா இது?”

“உங்களுக்குத்தான் லாத்தா. எங்களுக்கு இந்தப் பெருநாளு நடுக்கடல்லயில்லா? போட்டுல உள்ள அத்தன பேருக்கும் உங்க பிரியாணிதான். சமையல் நான். தராசு கொண்டுபோனா அலையில நம்பரு ஒரு இடத்துல நிக்காது. அதான் இவளை ஸ்பூன் கணக்கு கேக்கச் சொன்னேன்.”

ரஸீனா மீனை வாங்கக் கை நீட்டவில்லை. பெருநாள் சோறு. கெட்டுப்போனால் வேறு வாங்க அங்கே கடையா இருக்கிறது?

“உப்பு...” என்றாள்.

“உப்பா? நல்ல பாகம்! எங்க போட்டு யோவான் அண்ணன் சட்டிய வழிச்சில்லா தின்னாரு. கரை ஏறினதும், ‘லேய், அந்த ரஸீனா வீடு எது?’ன்னு எல்லாவனும் கேக்கான்.”

மீனை வெட்டித் தருகிறேன் என்று அவன் வீட்டின் பின்பக்கம் போனான்.

ரஸீனா நிமிரவில்லை. “ஏட்டி, நான் உனக்கு...”

“அவரு போறதுக்கு முந்தி வீட்டுல ஒருக்கா ஆக்கிப் பாத்தேன் லாத்தா” என்றாள் ஷஹ்லா, பின்பக்கம் கேட்காத குரலில். “உப்பப் பாதியாக்கி, நீங்க சொன்ன கணக்குன்னே அவருட்டச் சொல்லிவிட்டேன்.”