ஒரு சாண் மங்கல்

ரோமாபுரிப் பேரரசர் காலையில் உலாவும் தாழ்வாரத்தின் சுவர் முழுவதும் கண்ணாடிபோல் மின்னும் கல். முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நடப்பதற்காக அவரே அப்படிக் கட்டச் சொல்லியிருந்தார். விடிந்ததும் அதைத் துடைத்து வைப்பது அடிமை தியோனின் வேலை. அவனுக்கு முன்னால் துடைத்தவன் ஒரே ஒரு விரல்ரேகையைக் கவனிக்காமல் விட்டான். இப்போது அவனுக்கு விரல்களே இல்லை.

கையில் காயம் என்று ஒரு வாரமாகத் துணிக்கட்டோடு திரிந்த அரண்மனைக் காரியஸ்தன் ஓபியஸ், நேற்று தியோனை ஓரமாக அழைத்தான். "கடைசித் தூண்கிட்ட ஒரு சாண் மட்டும் துடைக்காம விட்டுடு. உன் பொண்டாட்டி பிள்ளைக்கு விடுதலை வாங்கித் தரேன்."

தியோன் விட்டுவைத்தான்.

இன்று பேரரசர் சரியாக அந்த இடத்தில் நின்றார். ஓபியஸ் வழக்கம்போல் பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தான்.

"இங்க ஏன்டா மங்கலா இருக்கு?"

"பனி படிஞ்சிருக்கு, பிரபு."

"துடை."

தியோன் ஓரத்திலிருந்து மெதுவாகத் துடைத்தான். கல்லில் முதலில் பேரரசரின் காது தெரிந்தது. பிறகு அவருடைய வழுக்கைத் தலை. அதற்குப் பின்னால், மிக அருகில், கட்டு அவிழ்ந்து தொங்கும் ஒரு கை. அந்தக் கை பிடித்திருந்த கத்தி கல்லில் தெரிவதற்குள் தியோனின் துணி அங்கேயே நின்றுவிட்டது.

"அது யாரு கை?" என்றார் பேரரசர். அவர் திரும்பவில்லை. இத்தனை வருடங்களில் திரும்பிப் பார்க்கும் பழக்கமே அவருக்கு விட்டுப்போயிருந்தது.

தியோன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். வெறும் மூச்சுதான் வந்தது. அது கல்லின் மேல் படிந்து, துடைத்த இடத்தை மறுபடியும் மங்கலாக்கியது.