யாரும் கொழும்பு தேடாதீங்க

“இனிமே எவனாவது கொழும்புன்னு தட்டனீங்க, போனப் புடுங்கி சிமெண்ட் கலவையில பொதச்சிடுவேன்!”

ஏசுதாஸ் கொத்தனார் போட்ட சத்தத்தில் அடுப்படியில் மனைவி திலகாவின் கரண்டி ஒரு நிமிஷம் நின்று பிறகு கிண்டியது. மகள் ஏஞ்சல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

செல்போனில் தேடத் தேட விமான டிக்கெட் விலை ஏறும் என்று எவனோ ஒருவன் வீடியோவில் சொல்லிவிட்டான். அதிலிருந்து அந்த வீட்டில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தேடல்தான். அதுவும் காலை ஜெபம் முடிந்ததும், ஏசுதாஸ் கையால் மட்டும். மே மாசம் முதல் சனிக்கிழமை, மூன்று பேர், மூன்று நாள், சென்னையிலிருந்து கொழும்பு. பார்த்ததும் போனை அணைத்து பைபிளுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்.

அப்படியும் விலை நிற்கவில்லை. ஆளுக்குப் பதினோராயிரமாக இருந்தது பதினாலாயிரத்துக்கு வந்துவிட்டது.

“நம்ம தெருவுல யாரோ தேடறாங்க. இல்லன்னா ஏன் ஏறுது?”

“உலகத்துல நம்மளவுட்டா கொழும்புக்குப் போவறதுக்கு வேற ஆளே இல்ல பாரு,” என்றாள் திலகா.

ஆனால் ஆசை என்னவோ அவளுடையதுதான். ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் கூட்டிப் பெருக்குகிற வேலை. பத்து வருஷமாகத் தலைக்கு மேல் விமானம் போகிறது. “ஒரு தபா உள்ள ஒக்காந்து கீழ பாக்கணும், அவ்ளோதான்” என்று என்றைக்கோ சொன்னாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

அன்று சாயந்திரம் ஏஞ்சல் சேதியோடு ஓடி வந்தாள்.

“யப்பா, தேடற ஆளு யாருன்னு தெரிஞ்சிபோச்சி! எதிர்வூட்டு வேதகிரி மாமா! அன்வர் பாய் கடையில போனுக்குக் கண்ணாடி ஒட்டக் குடுத்தாரு. தொறந்தா சென்னை டூ கொழும்பு! ‘இன்னா மேஸ்திரி, ஃபாரினா?’ன்றாரு பாய். ‘அட நீ வேற, சும்மா கை பட்டுச்சி பாய்’னு போனப் புடுங்கிக்கினாரு.”

பாய் குரல், வேதகிரி குரல் எல்லாம் அச்சு அசல். ஏஞ்சலின் தொண்டையில் உத்திரமேரூரே குடியிருந்தது. பாஸ்டர் ஐயாவின் இருமல் முதல் சாலவாக்கம் பஸ் கண்டக்டரின் விசில் வரைக்கும் உண்டு.

ஏசுதாஸ் சிரிக்கவில்லை. வேதகிரியும் கொத்தனார்தான். பதினைந்து வருஷம் ஒரே சாரத்தில் ஏறி வேலை பார்த்த ஜோடி. போன தீபாவளிக்கு முன்னால், ஏசுதாஸ் எழுப்பிய சுவரைப் பார்த்து “அரை இஞ்சு சாயுது” என்று வீடு கட்டுகிறவர் எதிரிலேயே சொல்லிவிட்டார் வேதகிரி. அதோடு பேச்சு நின்றது.

“பாத்தியா? நான் போவக்கூடாதுன்னே தெனம் தேடித் தேடி வெலய ஏத்தறான்! வயித்தெரிச்சல் புடிச்சவன்!”

மறுநாள் காலை ஜெபம் முடிந்தது. பதினாறாயிரம்.

ஏசுதாஸ் இந்த முறை கத்தவில்லை. “அடுத்த வருசம் பாத்துக்கலாம் திலகா” என்று மட்டும் சொல்லிவிட்டு, வேலைக்குக் கிளம்பிவிட்டார். திலகா சரி என்றாள். காஞ்சிபுரத்தில் வாங்கி வைத்திருந்த, சக்கரம் வைத்த புதுப் பெட்டியில் பழைய போர்வைகளை அடுக்கி, பரண்மேல் தள்ளினாள்.

அதைப் பார்த்த ஏஞ்சலுக்கு அடுத்த நிமிஷமே ஆத்திரம் வந்தது.

“இரு மாமா, இன்னிக்கி ஒனக்குக் கீது.”

தோழி கீர்த்தியின் போனை வாங்கினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு வேதகிரியின் நம்பரைத் தட்டினாள்.

“வணக்கம். விமான நிறுவனத்திலிருந்து பேசுகிறோம். திரு. வேதகிரி அவர்களா?”

ஏசி ரூமில் உட்கார்ந்து, ஒரு துளி வேர்வை இல்லாமல் பேசுகிற குரல். கீர்த்தி துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள்.

“ஆமாங்க.”

“நீங்கள் பல நாட்களாகக் கொழும்பு, கொழும்பு என்று தேடுகிறீர்கள். ஆனால் டிக்கெட் வாங்கவில்லை. எங்கள் விதிப்படி அதற்கு அபராதம் உண்டு.”

மறுமுனையில் கலவை மிஷின் ஓடுகிற சத்தம் மெல்லத் தேய்ந்தது. தள்ளி நடந்து வந்திருப்பார்.

“எவ்ளோன்னு சொல்லுங்க மேடம், கட்டிடறேன். ஆனா தேடனது எனக்கு இல்லீங்க. எங்க எதிர்வூட்டுல ஒருத்தன், சம்சாரத்த ஏரோப்ளேன்ல கூட்டிக்கினு போவணும்னு தவியா தவிக்கிறான். வெல ஏறிப்போச்சின்னு அவன் கத்தறது எங்க வூடு வரிக்கும் கேக்குது. பட்ட கட்டன குதிரையாட்டம் ஒரே சனிக்கிழமையவே பாத்துக்கினு கீறான். நான் ஒவ்வொரு நாளா தட்டிப் பாத்தேன். செவ்வாக்கிழமை சல்லிசா கீது மேடம், ஒம்பதாயிரந்தான். நம்ம ஆளுங்க செவ்வாக்கிழமை ஊருக்குக் கெளம்ப மாட்டாங்க இல்ல, அதனாலயோ இன்னாவோ. அவங்க கிறிஸ்டியனு, அவங்களுக்கு இன்னா செவ்வா, வெள்ளி? வெள்ளிக்கிழமை திரும்பிட்டா ஞாயித்துக்கிழமை சர்ச்சும் தவறாது.”

ஏஞ்சலுக்கு மேடம் குரல் நழுவிவிட்டது. சிரமப்பட்டு மறுபடி மேடம் ஆனாள்.

“அதை... அவரிடம் நீங்களே சொல்லலாமே, சார்?”

“நான் சொன்னா அந்த வீம்பு புடிச்சவன் கேப்பானா? நீ ஒண்ணு பண்ணு ஏஞ்சலு, இதே கொரல்ல உங்கப்பனுக்கும் ஒரு போன் போட்டுடு கண்ணு.”