கூலிகள் பதினொரு பேர்

நூறு வருடத்துக்கு முந்தைய பத்திரிகையில் குடும்பத்தில் ஒருவர் பெயராவது இருந்தால்தான் குடியிருக்கும் வீடு சொந்தம் என்று சட்டம் வந்தது. மலையகத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் யோகராணி காணி அலுவலகத்துக்குப் போனாள். பூட்டன் வீரமலை மண்சரிவில் செத்த தேதி அவளுக்கு மனப்பாடம்.

அந்தத் தேதியைச் சொன்னதும் அங்கிருந்த பத்திரிகை தேடும் இயந்திரம் பழைய செய்தியைக் காட்டியது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் அருமைக் குதிரை ரோஸி மண்ணில் புதைந்து மாண்டதாம். கூடவே கூலிகள் பதினொரு பேர்.

"அதுல எங்க பூட்டனும் ஒருத்தருங்க, ஐயா."

"குதிரை பேரு இருக்கு. உங்க பேரு இல்லையேம்மா," என்றார் அதிகாரி. "விலாசத்தச் சொல்லுங்க, மறுப்புக் கடுதாசி அனுப்பணும்."

"மேமலைத் தோட்டம், நாலாம் லயம், ஆறாம் காம்பரா," என்று தொழிலாளர் வரிசை வீட்டில் தன் ஒற்றை அறையைச் சொன்னாள். "பூட்டன் செத்தன்னைக்கும் இதே விலாசந்தாங்க."

அவர் விலாசத்தை மட்டும் எழுதிக்கொண்டார்.