ஞாயிற்றுக்கிழமைக்கான உடை

"ஒரு சைஸ் பெரிசாவே குடும்மா, வளர்ற புள்ள" என்றான் சிவபாண்டி.

கடைப்பெண் சிரித்தாள். நீச்சல் போட்டிக்குப் போடுகிற உடையை அப்படி வாங்கக் கூடாது, லூசாக இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்து பிள்ளையைப் பின்னால் இழுக்கும் என்றாள்.

சிவபாண்டிக்கு அது மண்டையில் ஏறவில்லை. தீபாவளிக்கு எடுத்த பாவாடையை அடுத்த தீபாவளிக்கும் கட்டும்படி உள்ளே மடிப்பு வைத்துத் தைத்தே பழகிய வம்சம் அது. பள்ளிக்கூடச் சட்டையில் கை முட்டிக்குக் கீழே தொங்கினால்தான் அவனுக்குத் துணி எடுத்த திருப்தியே வரும்.

மகள் சரண்யாதேவிக்குப் பதினொரு வயது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மதுரையிலேயே மாநிலப் போட்டி. பயிற்சிக்குப் போட்டுப்போகிற பழைய உடை வெளுத்துத் தொளதொளத்துவிட்டது. சரியான உடை இல்லாமல் வரக் கூடாது என்று கோச் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அவளுக்கோ உடையைப் பற்றிய கவலையே இல்லை. அம்மா வருவாளா என்பது ஒன்றுதான் கவலை.

அம்மா முத்துமீனா சென்னையில் ஒரு வீட்டோடு தங்கி, அந்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள். பொங்கலுக்கு ஒரு தடவை, சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு தடவை ஊருக்கு வருவாள். இந்த ஞாயிறு லீவு கிடைக்காது என்று போன வாரமே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகும் போனை வைக்காமல் வெகுநேரம் சும்மா இருந்தாள்.

உசிலம்பட்டிப் பக்கம் தண்ணீரைக் குடத்திலும் லாரியிலும் மட்டுமே பார்த்து வளர்ந்தவள் அவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் திடீரென்று ஒருநாள் போன் போட்டு, சரண்யாவை நீச்சலில் சேர்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஏன் எதற்கு என்று சிவபாண்டிக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனாலும் அவள் பேச்சைத் தட்டாமல், ஆனையூரிலிருந்து தன் லோடு ஆட்டோவில் மகளை விடியுமுன்னே நீச்சல் குளத்தில் இறக்கிவிட்டுத்தான் தன் பிழைப்பைப் பார்க்கப் போவான்.

கடைப்பெண் கொடுத்த சரியான அளவோடு உடை மாற்றும் அறைக்குள் போன மகள் வெகுநேரமாகியும் வெளியே வரவில்லை. அந்த உடை முழங்காலைத் தாண்டவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. கடைப்பெண் வேலைக்குப் புதுசு. அவளுக்கு அளவு சொல்லத் தெரியும், அதைப் போடும் விதம் தெரியாது.

"ஏற மாட்டேங்குதுப்பா" என்று உள்ளேயிருந்து அழுகைக் குரல் வந்தது.

சிவபாண்டி கையைப் பிசைந்தான். பெற்றவனே ஆனாலும் உள்ளே போக முடியாது, வெளியே சும்மா நிற்கவும் முடியவில்லை. வேறு வழி தெரியாமல் மனைவிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, கதவுக்கு மேலாக மகளிடம் நீட்டினான்.

"அழுகாத தங்கம். அம்மா சொல்றேன், கேளு" என்றாள் முத்துமீனா.

அதன்பிறகு அவள் சொன்னதையெல்லாம் சிவபாண்டி வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். காலில் ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டால் துணி வழுக்கிக்கொண்டு ஏறும். நகம் படக் கூடாது, விரல் நுனியால்தான் பிடிக்க வேண்டும். ஒரே இழுப்பாக இழுக்காமல் முழங்காலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று, அவசரமே வேண்டாம். தோள்பட்டை கடைசியில். இப்போது கையைத் தூக்கு, குனி, நிமிர். முதுகில் சுருக்கம் விழுகிறதா? விழாவிட்டால் அதுதான் உன் அளவு. இறுக்குகிறதே என்று பயப்படாதே, மூச்சு தாராளமாக வந்தால் போதும்.

கடைப்பெண் ஓடிப்போய் ஒரு கவரை எடுத்துவந்து கதவுக்கு மேலாகப் போட்டாள். கோச்கூட இவ்வளவு பொறுமையாகச் சொல்ல மாட்டார்.

"ஏறிருச்சும்மா" என்று உள்ளே மகள் சிரித்தாள். சிவபாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எடுத்து வைத்திருந்த பெரிய சைஸைத் தானே கொண்டுபோய்க் கடைப்பெண்ணிடம் கொடுத்தான்.

"ஒனக்கு எப்பிடிம்மா இம்புட்டும் தெரியும்?" என்று கேட்டாள் மகள்.

முத்துமீனா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இங்க பாப்பாவுக்கு நாந்தான தங்கம் போட்டுவிடுறேன்."

சிவபாண்டிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அந்த வீட்டுப் பிள்ளை முதன்முதலாகத் தண்ணீரில் இறங்கியதைப் பார்த்த அன்றுதான் இவள் அந்தப் போனைப் போட்டிருக்கிறாள். பெற்ற பிள்ளைக்கு ஒரு தடவைகூட அவளால் போட்டுவிட முடிந்ததில்லை.

உள்ளே சரண்யாதேவி யோசித்திருக்க வேண்டும்.

"அந்தப் பாப்பாவும் ஞாயித்துக்கெழம மதுரைக்கு வருதாம்மா?"

"வருது."

"அப்ப நீயும் வாரியா?"

"வாரேன்" என்றாள் முத்துமீனா. அதற்குமேல் எல்லாவற்றையும் அழுதுகொண்டேதான் சொன்னாள். இருவருக்கும் ஒரே வயசு, ஒரே போட்டி. பாப்பாவோடு வந்து, பாப்பாவோடு நின்று, பாப்பாவோடு திரும்பிப் போக வேண்டும். எப்படியும் மகள் கண்ணில் படத்தான் போகிறோம் என்று தெரிந்தும், அதைச் சொல்ல வாய் வராமல்தான் லீவு கிடைக்காது என்றாளாம்.

சிவபாண்டி மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். மகள் கோபிப்பாள், கத்துவாள், போட்டியே வேண்டாம் என்பாள்.

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு மகள் மெதுவாகச் சொன்னாள்.

"மொதல்ல அந்தப் பாப்பாவுக்குப் போட்டுவிட்டுட்டு வாம்மா. அதுவரைக்கும் நான் போடாம வச்சிருக்கேன்."